நாலாவது வார்த்தை

மனாமாவில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு.
காலை எட்டு மணிப் பூசை. கோயில் முற்றத்துக்குள் நுழையுமுன்பே
தேய்த்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.
பாவ அறிக்கையில் நாலு வரும்:
நினைத்தது, சொன்னது, செய்தது,
அப்புறம், செய்யாமல் விட்டது.
முதல் மூன்றுக்கும் மார்பில் தட்டிக்கொள்ள
என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.
போர்மேனைத் திட்டியது, பக்கத்து ரூம் வைஃபை.
நாலாவது வரும்போது மட்டும்
கூட்டத்தோடு கூட்டமாக உதடு தாண்டிவிடும்,
மஞ்சள் விழுந்ததும் வண்டியை விரட்டுகிற மாதிரி.

நான் டைம்கீப்பர்.
காலை நாலரைக்கு பஸ் கதவருகே நிற்பேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
வந்தவனுக்கு ஒரு கோடு,
வராதவனுக்கு ஒரு பெருக்கல் குறி.
பதினோரு வருஷத்தில்
ஒரு பெருக்கல்கூடத் தப்பாய்ப் போட்டதில்லை.
மாசக் கடைசியில் அந்தக் குறிகள்
சம்பளத்தில் ஓட்டைகளாகும்.
வராமல் இருப்பதற்கும் விலை உண்டென்று
எனக்கா தெரியாது?

காணிக்கைப் பை வந்தபோது
அரை தினார் எடுக்கப் பர்ஸைத் திறந்தேன்.
நோட்டுக்குப் பின்னால், நாலாய் மடித்து,
மடிப்பெல்லாம் துணிபோல் நைந்த காகிதம்.

ராஜமல்லு கொடுத்தது.
ஜகித்யால் பக்கத்துக்காரன், கம்பி கட்டுகிறவன்.
சல்மாபாத் கேம்ப்பில் பஸ் உறுமிக்கொண்டிருந்த நேரம்,
பாதி இந்தியும் பாதித் தெலுங்குமாய்க் கேட்டான்:
இதில் என்ன எழுதியிருக்கு சார், ரெண்டு நிமிஷம்.
இங்கிலீஷ் காகிதம். எனக்கு வாசிக்கத் தெரியும்.
அவ்வளவுதான் கேட்டான்.
வெள்ளிக்கிழமை, என்றேன்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.
அவன் நன்றிகூடச் சொன்னான்.

இடையில் அவனை அஸ்கர் சைட்டுக்கு மாற்றினார்கள்.
என் தாளிலிருந்து இன்னொருவன் தாளுக்குப் போனது அவன் பெயர்.
அத்தோடு அவனும் போய்விட்டதாக
எனக்குள்ளே யாரோ கணக்கை முடித்துவிட்டான்.

சாமியார் அப்பத்தை உயர்த்துகிறார், மணி அடிக்கிறது,
எல்லாரும் முழந்தாளில்.
நான் காகிதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.
சல்மானியா ஆஸ்பத்திரி.
மார்பு எக்ஸ்ரேயில் ஒரு நிழல்.
மறு பரிசோதனைக்குத் தவறாமல் வரவும்.
தேதி, ஜூன் பதினெட்டு.
இது செப்டம்பர்.
வாசித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசலில் கிடந்த லாசரை அந்தப் பணக்காரன்
அடித்தானா? விரட்டினானா?
பார்த்தான், தாண்டிப் போனான், சாப்பிட்டான்.
அதற்குப் போய் நரகமா சிஸ்டர், என்று
மறைக்கல்வி வகுப்பில் எழுந்து கேட்டவன் நான்.
அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார் சிஸ்டர்.

நன்மை வாங்க வரிசை நகர்ந்தது.
எங்கள் கடற்கரையில் அப்படித்தான் சொல்வோம்,
நன்மை வாங்குவது என்று.
எட்டு வயதில் புதுநன்மை, வெள்ளைச் சட்டை, மெழுகுதிரி.
அன்றுமுதல் நாக்கை நீட்டி நீட்டி
வாங்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.
எங்கே போயிற்று அத்தனையும்?
வரிசையிலிருந்து விலகினேன்.
பின்னால் நின்ற அம்மாள் நான் விட்ட இடத்தில் வந்து நின்றாள்.

அஸ்கருக்கு ஏழு தினார் என்றான் டாக்ஸிக்காரன்.
பேரம் பேச வாய் வரவில்லை.
கேம்ப் கேட்டில் வாட்ச்மேன் நோட்டைத் தள்ளினான்:
பெயர், நேரம், யாரைப் பார்க்க.
என் பெயரை எழுதினேன்.
நேரம் பத்து ஐம்பது.
பல்லாண்டுப் பழக்கம், கை தானாகவே
தாமதம் என்று ஓரத்தில் எழுதப் பார்த்தது.
ராஜமல்லு நாலு பேர் இருக்கான், நம்பர் என்ன, என்றான்.
நாலாயிரத்து இருபத்தேழு.
அது மட்டும் மனப்பாடம்.

அவன் உள்ளே போயிருக்கிறான்.
தகரக் கூரைகள் வெயிலில் படபடக்கின்றன.
எங்கோ பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம்.
கடைசி ரூமில் யாரோ இருமுகிறார்கள்.
அது அவனாக இருக்கட்டும் என்றும்
அவனாக இருக்க வேண்டாம் என்றும்
ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டு
கேட்டருகே நிற்கிறேன், ஆண்டவரே,
கையில் அந்தக் காகிதத்தோடு.